கிட்டார் வாசிப்பவர்களின் கை, விரல் வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் வாசிக்கிறவர்களுக்குக் கையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை சரியாகிவிடக்கூடியவை. ஆனாலும் பலருக்கு அவை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகின்றன. வலி கொஞ்சம் குறைந்ததுமே பழைய வேகத்தில் திரும்ப வாசிக்க ஆரம்பிப்பதுதான் அதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அதனால் எந்த நோய்க்கு என்ன பெயர் என்பதைவிட, எப்போது நிறுத்துவது, எப்படித் திரும்புவது என்பதற்கே கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இடது கை ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்துகிறது, வலது கை மீட்டுகிறது என்று வைத்து எழுதியிருக்கிறேன். மாற்றிப் பிடிப்பவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

விரல் நுனி எரிகிறது, தொட்டாலே வலிக்கிறது. இது ஏதாவது பிரச்சினையா?

இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு கிட்டாரை எடுப்பவர்களுக்கும் இது வந்தே தீரும். தோல் காய்த்துத் தடிக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து வாசியுங்கள். குளித்து முடித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோல் சீக்கிரம் உரிந்துவிடும். காய்ப்பின் ஓரம் பிசிறாகி கம்பியில் மாட்டினால் நக அரத்தால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், பிய்க்காதீர்கள். கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காமல் ஆறும்வரை விட்டுவிடுவது நல்லது.

கூடவே கிட்டாரையும் பாருங்கள். கம்பி ஃப்ரெட்டிலிருந்து அதிக உயரத்தில் நின்றால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் விரல்தான் தண்டம் கட்டும். ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து அந்த உயரத்தை, அதாவது ஆக்‌ஷனைக் குறைத்துக்கொள்ளலாம். 12 செட் கம்பி போட்டிருந்தால் 11-க்கோ 10-க்கோ மாறலாம். (முதல் கம்பியின் தடிமன் ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்பதுதான் இந்த எண்.) எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு வாசித்துப் பாருங்கள். இழுவிசை ஏறத்தாழ 10 சதவீதம் குறையும், ஸ்ருதி பழையபடியே இருக்கும், காசும் செலவில்லை.

எந்த வலி பரவாயில்லை, எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும்?

நுனித் தோல் வலி பரவாயில்லை. வாசித்து முடித்ததும் முன்கையில் ஒரு களைப்பு, அதுவும் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது என்றால் பரவாயில்லை. மூட்டிலோ மணிக்கட்டிலோ முழங்கையிலோ சுருக்கென்று வந்தால் நிறுத்துங்கள். காலையில் எழும்போதும் வலி இருக்கிறது, போன வாரம் அரை மணி நேரத்தில் வந்தது இந்த வாரம் பத்தே நிமிடத்தில் வருகிறது, பாட்டில் மூடி திறக்கவோ சட்டைப் பொத்தான் போடவோ கை தயங்குகிறது, இவை எல்லாமே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். மரத்துப்போவது வந்தால் பாட்டை முடித்துவிட்டு வைக்கலாம் என்றுகூட நினைக்காதீர்கள், அங்கேயே வைத்துவிடுங்கள். அது நரம்பு சம்பந்தப்பட்டது. தசையைப் போல நரம்பு பொறுத்துப்போகாது.

வலிப்பது விரல், டாக்டர் ஏன் முன்கையை அழுத்திப் பார்க்கிறார்?

ஏனென்றால் விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை. வலது கையால் இடது முன்கையின் உள்பக்கத்தை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, லேசாகப் பிடித்துக்கொண்டு இடது மோதிர விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஏதோ நெளிவது தெரியும். அங்கிருந்து நீளமான தசைநார்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு ஓடுகின்றன. மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புக்கும் ஒரு பட்டையான சவ்வுக்கும் நடுவே ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அதற்குள் ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் போகின்றன. மணிக்கட்டை நன்றாக மடக்கிக்கொண்டு விரலை அழுத்தினால் அந்தப் பாதைக்குள் நெரிசல் கூடுகிறது. "மணிக்கட்டை நேராக வை" என்று கிட்டார் ஆசிரியர்கள் தொண்டை வற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு மோதிர விரலைத் தூக்குங்கள். பெரும்பாலோருக்கு அது எழவே எழாது, எழுந்தாலும் கொஞ்சம்தான். அந்த விரல்களின் தசைநார்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் வரும் எல்லை அது. மோதிர விரலும் சுண்டு விரலும் தனித்தனியாக இயங்கவில்லை என்று மணிக்கணக்கில் கையை வதைத்துக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சியால் ஓரளவு முன்னேற்றம் வரும், ஆனால் உடல் அமைப்பைக் கட்டாயப்படுத்தி மாற்ற முடியாது.

விரல் மரத்துப்போகிறது. எந்த நரம்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், அதோடு மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டுப் பாதையில் நரம்பு நெருக்கப்படலாம், கார்பல் டன்னல் என்று சொல்வார்கள். நடுராத்திரியில் கை மரத்து விழித்துக்கொள்வதும், கையை உதறினால் சரியாவதும் இதன் முத்திரை. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பகாலம் ஆகியவற்றில் இது அதிகம் வரும். அதனால் கிட்டார்மீது மட்டும் பழி போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் முழங்கையைப் பார்க்க வேண்டும். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அதே நரம்புதான். முழங்கையை நெடுநேரம் மடக்கி வைத்திருப்பது, கையைத் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது, போனைக் காதில் பிடித்தபடி நெடுநேரம் பேசுவது எல்லாமே இதைக் கிளப்பிவிடும்.

இரண்டிலும் மரத்துப்போவது வந்து வந்து போகிற கட்டத்தில் வைத்தியம் சுலபம். எந்நேரமும் மரத்தே இருக்கிறது, பொருள்கள் கைநழுவுகின்றன, கட்டைவிரலின் அடிச்சதை வற்றித் தட்டையாகிவிட்டது என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். வற்றிய சதை முழுதாகத் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பார் கார்டு பிடித்தாலே கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது.

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இடது கைத் தொல்லைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. பார் கார்டு (ஆட்காட்டி விரலைக் குறுக்கே கிடத்திப் பல கம்பிகளை ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு) சத்தம் வராதபோது எல்லோரும் செய்வது ஒன்றே: கட்டைவிரலால் பின்னாலிருந்து இறுக்கிக் கவ்வுவது. ஆனால் அந்த அழுத்தம் தேவையே இல்லை. கட்டைவிரலை முழுவதுமாக எடுத்துவிட்டு, கிட்டார் உடலை வலது முன்கையால் மார்போடு லேசாக அணைத்துக்கொண்டு, இடது கையின் எடையைப் பின்னோக்கித் தொங்கவிட்டு அதே பார் கார்டைப் பிடித்துப் பாருங்கள். அரைகுறையாகவாவது ஒலிக்கும். அப்புறம் கட்டைவிரலைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள், போதும். ஆட்காட்டி விரலை முழுத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி, ஃப்ரெட்டை ஒட்டி வையுங்கள். ஆறு கம்பிகளும் அந்த ஒரு விரலால் ஒலிக்க வேண்டியதும் இல்லை, எஃப் மேஜர் வடிவத்தில் மூன்று கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன.

எவ்வளவு அழுத்தம் போதும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. ஒரு கம்பியில் விரலைச் சும்மா வைத்து மீட்டிக்கொண்டே இருங்கள், முதலில் மொத்தென்று கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். கரகரப்பு வரும், அப்புறம் சுத்தமான ஒலி வரும். அந்தப் புள்ளியில் நிறுத்துங்கள். நீங்கள் வழக்கமாக அதைப்போல் எத்தனை மடங்கு அழுத்துகிறீர்கள் என்பது அப்போது தெரியும். தினம் இரண்டு நிமிடம் இதைச் செய்தாலே கை பழகிவிடும்.

இதெல்லாம் சரிசெய்தும் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் வலிக்கிறது, கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்துச் சுண்டு விரல் பக்கம் சாய்த்தால் உயிர் போகிறது என்றால் கட்டைவிரல் தசைநாரின் உறை பாதிக்கப்பட்டிருக்கலாம். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் வைக்கும் ஸ்ப்ளின்ட், தேவைப்பட்டால் ஒரு ஊசி, இவற்றிலேயே பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. நடுவயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானமும் இதே இடத்தில் வலி தரும், வைத்தியம் வேறு. டாக்டர் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

காலையில் விரல் மடங்கியபடி மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் "டக்" என்று நிமிர்கிறது.

டிரிகர் ஃபிங்கர். விரலின் அடியில் தசைநார் ஒரு வளையத்துக்குள் போய்வருகிறது. தசைநார் வீங்கிவிட்டால் அந்த வளையத்தில் சிக்கும். உள்ளங்கையில் அந்த விரலின் அடியில் அழுத்தினால் சின்னதாக ஒரு முண்டு தட்டுப்படும். ராத்திரியில் ஸ்ப்ளின்ட், ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் வளையத்தைத் திறந்துவிடும் சின்ன ஆபரேஷன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். "டக் டக்" என்று சொடுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், வீக்கம் கூடும்.

எத்தனை நாள் ஓய்வு எடுக்க வேண்டும்?

அதிகமாக வாசித்ததால் வந்த லேசான வலி என்றால் சில நாள் போதும். பல வாரமாக வலியோடு வாசித்துவந்தவர்களுக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். ஆனால் ஓய்வு என்றால் கையைத் தூளியில் போட்டுவிடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அசைக்காமலே வைத்த தசைநார் இன்னும் பலவீனமாகும். வலிக்காத அன்றாட வேலைகளைச் செய்யுங்கள், வலிக்கிற அசைவை மட்டும் நிறுத்துங்கள். கிட்டாரை நிறுத்திவிட்டு மீதி நேரம் முழுக்கப் போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தால் அது ஓய்வில் சேராது.

வலி போய்விட்டது. எப்படித் திரும்ப ஆரம்பிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தசை சீக்கிரம் தெம்பாகும், தசைநார் மெதுவாகத்தான் தேறும். அதனால் கை நன்றாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றும் நாளுக்கும் அது உண்மையிலேயே தாங்கும் நாளுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. பெரும்பாலோர் மறுபடி விழுவது அந்த இடைவெளியில்தான்.

பொத்தான் போடுவது, மூடி திறப்பது போன்றவை சில நாளாக வலியில்லாமல் நடக்கின்றன என்றால் தொடங்கலாம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. மெல்லிய கம்பி, மெதுவான வேகம், சுலபமான கார்டுகள். பார் கார்டு, கம்பியை வளைத்து வாசிப்பது, விரலை அகட்டிப் பிடிப்பது எதுவும் வேண்டாம். கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மனம் சொல்லும், அப்போதுதான் நிறுத்த வேண்டும்.

தீர்ப்பை மறுநாள் காலை கைதான் சொல்லும். நேற்றுபோலவே இருக்கிறது அல்லது மேல் என்றால் இரண்டு மூன்று நாள் அதே அளவில் இருந்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். வலி கூடியிருந்தால் கடைசியாகச் சுகமாக இருந்த அளவுக்குத் திரும்புங்கள், முழுசாக நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: நேரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள், பார் கார்டைச் சேர்க்கும் வாரத்தில் நேரத்தை அப்படியே வையுங்கள். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் எட்டியதும் அதற்குமேல் இடைவேளை இல்லாமல் போக வேண்டாம், கை முழுதாகக் குணமான பிறகும் அதுவே நல்ல வழக்கம்.

மேடை நிகழ்ச்சி ஒத்துக்கொண்டவர்கள் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவை ஏற்றப் பார்ப்பார்கள். அது நடக்காது. கை எட்டிய அளவுக்கு ஏற்றபடி பாட்டுப் பட்டியலைக் குறையுங்கள், தேவைப்பட்டால் இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்கலாமா? ஐஸா, சுடுநீர் ஒத்தடமா?

மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்கவே வாசிக்காதீர்கள். நிறுத்தச் சொல்லும் ஒரே சைகையையும் அணைத்துவிட்டு வாசிப்பது அது. டாக்டர் சொன்னால் ஓய்வு நாளில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், பழைய இறுக்கத்துக்குச் சூடு. இரண்டுமே சுகம் தரும், குணப்படுத்துவது வேறு.

ஸ்பிரிங் வைத்த கைப்பயிற்சிக் கருவி வாங்கலாமா?

வேண்டாம். கிட்டார் வாசிக்கப் பிடிவலு அவ்வளவு தேவையில்லை, ஏற்கெனவே களைத்த அதே தசைகளைத்தான் அந்தக் கருவி இன்னும் வேலை வாங்குகிறது. வாசிக்கும் முன் வேண்டியது சூடான கையும், முதல் ஐந்து நிமிடம் நிதானமான வாசிப்பும். குளிர்ந்த விரல்களைப் பின்னோக்கி இழுத்து நெட்டி முறிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையைப் பார்த்துத் தந்த பயிற்சி என்றால் அது வேறு கதை, அதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

விரலில் வெட்டு, எலும்பு முறிவு, இதெல்லாம்?

வெட்டுப்பட்ட பிறகு விரல் மடங்கவில்லை, நிமிரவில்லை, அல்லது காயத்துக்கு அப்பால் உணர்ச்சி இல்லை என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அறுந்த தசைநாரைத் தாமதித்துத் தைப்பது கடினம்.

பந்து பட்டு விரலின் கடைசிக் கணு மட்டும் தொங்கிப்போவது ஒன்று உண்டு. அதை ஆறிலிருந்து எட்டு வாரம் நேராக வைத்து ஸ்ப்ளின்ட் கட்டுவார்கள். நடுவில் கழற்றித் துடைக்கும்போதுகூடக் கணு ஒருமுறை மடங்கிவிட்டால் நாள்கணக்கு மறுபடி முதலிலிருந்து. வாசிக்க ஆசைப்பட்டுக் கழற்றிப் பார்க்காதீர்கள்.

வலியே இல்லை, ஆனால் குறிப்பிட்ட ஒரு விரல் சொன்னபடி கேட்கவில்லை.

கிட்டாரை எடுத்தால் மட்டும் விரல் தானாகச் சுருட்டிக்கொள்கிறது, மற்ற வேலைகளில் சரியாக இருக்கிறது என்றால் ஃபோகல் டிஸ்டோனியாவாக இருக்கலாம். பிரச்சினை கையில் இல்லை, கையை இயக்கும் மூளைப் பகுதியில். தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றில் ஒருவருக்கு வரலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இதில் பெரிய ஆபத்து, பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் வெறியாகப் பயிற்சி செய்வது. அது நிலைமையை மோசமாக்கும். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பியானோ கலைஞர் லியான் ஃப்ளெய்ஷருக்கு 1960களில் வலது கையில் இது வந்தது. பல்லாண்டுகள் இடது கையால் மட்டும் வாசித்தார், 1990களில் போடாக்ஸ் ஊசியும் மற்ற சிகிச்சைகளும் கைகொடுத்து இரு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார். கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் டேவிட் லைஸ்னர் அசைவுகளை அடியோடு மாற்றிப் பழகி மீண்டார். பில்லி மெக்லாஃப்லின் கிட்டாரைக் கை மாற்றிப் பிடித்து மறுபடி கற்றுக்கொண்டார். வழி ஒன்றே ஒன்று இல்லை, எதுவும் சீக்கிரம் நடப்பதும் இல்லை.

என் விரல் இனி பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கிட்டாரை விட்டுவிட வேண்டியதுதானா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது, அதனால் ஆறுதலுக்காக எதையும் மிகைப்படுத்த மாட்டேன். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-ல் தீ விபத்தில் இடது மோதிர விரலும் சுண்டு விரலும் கருகிச் சுருங்கிவிட்டன. தனி ஆவர்த்தனத்தை இரண்டே விரல்களால் வாசித்தார், பழுதான விரல்களைக் கார்டு பிடிக்கும்போது முடிந்த அளவு பயன்படுத்திக்கொண்டார். பிளாக் சாபத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி இடது கைக்காரர். 1965-ல் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் ஃப்ரெட்டில் அழுத்தும் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிக்கு உறை செய்து, மேலே பதனிட்ட தோல் துண்டை ஒட்டி, மெல்லிய கம்பி போட்டு வாசித்தார், பின்னாளில் ஸ்ருதியையும் இறக்கினார். இருவரும் கையைப் பழையபடி ஆக்கப் பார்க்கவில்லை. இருக்கிற கைக்கு ஏற்றபடி கம்பியை, ஸ்ருதியை, விரல் வரிசையை மாற்றினார்கள். உங்களுக்கும் அதே கதவுகள் திறந்திருக்கின்றன: நைலான் கம்பி, ஓபன் டியூனிங் (எந்தக் கம்பியையும் அழுத்தாமலே ஒரு கார்டு ஒலிக்கும்படி ஸ்ருதி சேர்ப்பது), ஸ்லைடு (விரலில் மாட்டிய குழாயைக் கம்பிமேல் நழுவவிட்டு வாசிப்பது), சின்ன அளவுக் கிட்டார், கை மாற்றிப் பிடிப்பது.

எந்த டாக்டரிடம் போவது, என்ன சொல்வது?

கை அறுவை சிகிச்சை நிபுணர் அல்லது எலும்பு மருத்துவர். நரம்பு, டிஸ்டோனியா சந்தேகம் என்றால் நரம்பியல் மருத்துவர். காலையில் இரு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கின்றன, மூட்டுகள் வீங்குகின்றன என்றால் மூட்டுவாத நிபுணர். விரல் சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் யாரிடம் என்று யோசிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

வாசிக்கும்போது வலி வருவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் படமெடுத்துக் கொண்டுபோங்கள், முடிந்தால் கிட்டாரையே எடுத்துப் போங்கள். எந்த நிமிடத்தில் வருகிறது, எந்த விரல், ராத்திரியில் வருகிறதா, சமீபத்தில் எதைக் கூட்டினீர்கள், புதுக் கிட்டாரா, புது ஆசிரியரா, தட்டச்சு வேலை கூடியதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "வாசிப்பதை விட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், எவ்வளவு நாளைக்கு, அப்புறம் எந்த அளவில் தொடங்கலாம், எந்தப் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கலாம் என்ற மூன்றையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.